திருத்தத்துக்குக் காசு இல்லை

பாளையங்கோட்டை கோர்ட்டைச் சுற்றி ஜாப் டைப்பிங் கடைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், வக்கீல்கள் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். ஞானம் முற்றியதால் அல்ல, காசு போகும் என்பதால். ரெமிங்டன் மிஷினில் அசல் தாளும் கார்பனும் நகல் தாள்களுமாகச் செருகி முக்கால் பக்கம் அடித்த பிறகு, 'தெற்கு எல்லை' என்பது 'வடக்கு எல்லை' என்று மாறினால் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக ரப்பர் போட வேண்டும். இடையில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னாலோ முழுப் பக்கமும் போச்சு. மறுபடி அடிக்க வேண்டும். அதற்குத் தனிக் காசு. எங்கள் கடை அண்ணாச்சி அந்தக் காசைக் கேட்கக் கூச்சப்பட்டதே இல்லை. "அடிச்சு முடிச்ச பொறவு நாக்கப் பெரட்டினா தாளுக்குக் காசு குடுக்கணும்லா சார்" என்பார். வக்கீல்களும் முணுமுணுத்தபடி கொடுப்பார்கள். மறுநாள் வரும்போது வாக்கியங்களை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அந்த மிஷினில் குறுக்குவழி என்று எதுவும் கிடையாது. இருந்த ஒரே மந்திரச் சாவி ஷிஃப்ட். அதை அமுக்குவதற்கே சுண்டுவிரலுக்குத் தனி பலம் வேண்டும். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 என்று அரசுத் தேர்வு எழுதி வந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு வேகம் என்றால் விரல் வேகம்தான். வேலையைக் குறைக்கிற வேகம் ஒன்று இருக்கிறது என்பதே 1990 வாக்கில் தெருமுனையில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தபோதுதான் தெரிந்தது.

செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் மூன்றும் சேர்ந்த பேக்கேஜுக்குத்தான் கட்டணம். கரும்பலகையில் கட்டளைகளை எழுதிப்போட்டு, திருப்பாவை மாதிரி ஒப்பிக்க வைத்தார்கள். கண்ட்ரோலோடு ஈ அடித்தால் கர்சர் மேலே போகும், எக்ஸ் கீழே, எஸ் இடது, டி வலது. விசைப்பலகையில் இந்த நான்கு எழுத்துகளும் ஒரு வைரக்கல் வடிவத்தில் உட்கார்ந்திருக்கும். எதிரிலேயே அம்புக்குறி விசைகள் நான்கு சும்மா கிடக்க, எதற்கு இந்தச் சுற்று என்று நாங்கள் கேட்கவில்லை. கட்டணம் கட்டியாயிற்றே!

காரணம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. சீமோர் ரூபின்ஸ்டைனின் மைக்ரோப்ரோ நிறுவனத்துக்காக ராப் பார்னபி எழுதி, 1978-இல் வெளிவந்தது வேர்ட்ஸ்டார். அந்தக் காலத்து டெர்மினல்கள் பலவற்றில் அம்புக்குறி விசையே கிடையாது. கண்ட்ரோல் கீ அப்போது ஏ எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது கேப்ஸ் லாக் இருக்கிற இடம். சுண்டுவிரலைச் சற்று நகர்த்தினால் போதும், கை வரிசையை விட்டு விலகாது. 1980-களின் நடுவில் ஐபிஎம்மின் 101 விசைப் பலகை வந்து கண்ட்ரோலை ஷிஃப்டுக்குக் கீழே மூலையில் தள்ளியது. வேர்ட்ஸ்டாரின் நியாயம் பாதி அன்றைக்கே போயிற்று. அது தெரியாமல் பாளையங்கோட்டையில் நாங்கள் சுண்டுவிரலை மடக்கி மடக்கிப் பயின்றோம். ஒரு ஆறுதல் உண்டு. கொழும்பில் உட்கார்ந்து நாவல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கும் வேர்ட்ஸ்டார்காரர்தான். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், டாஸ் மிஷினில் வேர்ட்ஸ்டார் 4.0 வைத்துத்தான் எழுதுவதாக 2014-இல் தொலைக்காட்சியில் சொல்லிச் சிரிக்க வைத்தார். அவர் புத்தகம் தாமதமாவதற்கு அதுவா காரணம் என்று தெரியவில்லை.

ஆனால் எங்கள் கடைக்கும் கம்ப்யூட்டர் வந்து, முதல்முறை ஒரு பத்தியை நகர்த்திக் காட்டியபோது கடையே எழுந்து நின்றது. பத்தியின் தொடக்கத்தில் கண்ட்ரோல் கே, பி. முடிவில் கண்ட்ரோல் கே, கே. கர்சரை வேறு பக்கத்துக்குக் கொண்டுபோய் கண்ட்ரோல் கே, வி. நாலாவது பத்தி ரெண்டாவது பத்தியாகிவிட்டது. ரப்பர் இல்லை, கார்பன் இல்லை. வக்கீல் குமாஸ்தா ஒருவர் மானிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி மட்டும் சந்தோஷப்படவில்லை. "இதுக்கு எவ்வளவுடே வாங்குறது?" என்று என் காதில் கேட்டார். அந்தக் கேள்வியின் ஆழம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவரும் பிடிவாதமாக வேர்ட்ஸ்டார் கற்றுக்கொண்டார். விரல்களுக்குள் அது இறங்கி முடிக்கவும், விண்டோஸும் வேர்டும் வந்து சேரவும் சரியாக இருந்தது. அதே கண்ட்ரோல், அதே எழுத்துகள், வேறு அர்த்தம். மேல் வரிக்குப் போக ஈ அடித்தார். பத்தி நடுப்பக்கம் போய் நின்றது. வலப்புறம் போக டி அடித்தார். எழுத்துருப் பெட்டி திறந்தது. இடப்புறம் போக எஸ் அடித்தார். ஃபைல் சேவ் ஆனது. திரையை மேலே நகர்த்த டபிள்யூ அடித்தார். ஃபைலையே மூடப் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒய். வேர்ட்ஸ்டாரில் அது ஒரு வரியை முழுசாக அழிப்பது. வேர்டிலோ, கடைசியாகச் செய்ததையே திரும்பச் செய்வது. வேண்டாத வரியை ஒழிக்கப் போனவருக்கு அந்த வரி இரட்டையாக வந்து நின்றது. "இது நம்மளப் பாத்து வவ்வவ்வே காட்டுதுடே" என்று எழுந்து டீ குடிக்கப் போனார். அவர் கை தப்பு செய்யவில்லை. போன ஆட்சியின் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தது, அவ்வளவுதான்.

நான் இளவயசு, மாறிவிட்டேன். வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி. இந்த வெட்டி ஒட்டும் முறையை 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர், 2020-இல் காலமானார். அவருக்கு இந்திய கோர்ட்டுகள் சார்பில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறம் யாரும் மனுவைப் புதிதாக எழுதவில்லை. போன கட்சிக்காரரின் மனு இருக்கிறது. கண்ட்ரோல் எச் அடித்துப் பெயரை மாற்றினால் புது மனு.

ஜூனியர் வக்கீல் ஒருவர் அப்படித்தான் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்தார். பழைய கட்சிக்காரர் பெயர் மணி, புதியவர் ரவி. "எல்லாத்தையும் மாத்து" பொத்தானை அவரே அமுக்கினார். இத்தனை இடங்களில் மாற்றியாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் பணிவாகச் சொன்னது. அவர் வாசிக்காமல் பிரிண்ட் எடுத்துப் போய்விட்டார். மறுநாள் சீனியர் கையில் மனு இருந்தது. சம்பவம் காலை 10 ரவிக்கு நடந்திருந்தது. மனுதாரரின் தங்கை கண்மணி, கண்ரவி ஆகியிருந்தார். சொத்து இருந்த ஊர் வாஞ்சி ரவியாச்சி. 1911-இல் ஆஷ் துரை சுடப்பட்ட ஊரையே இரண்டு விசையில் காணாமல் அடித்திருந்தார்கள்.

'முழுச் சொல்லை மட்டும்' என்று ஒரு கட்டம் அந்தப் பெட்டியில் இருக்கத்தான் செய்கிறது. அதை டிக் செய்தால் மணியாச்சி பிழைத்துக்கொள்ளும். ஆனால் மணியின், மணிக்கு, மணியை எல்லாம் மாறாமல் அப்படியே நிற்கும். டிக் செய்யாமல் விட்டு, புதுக் கட்சிக்காரர் முருகனாகவும் இருந்துவிட்டால் 'முருகன்யின் வீடு' வரும். வேற்றுமை உருபைப் பெயரோடு ஒட்டிப் பேசுகிற சனத்துக்கு, கண்ட்ரோல் எச் அடித்த பிறகு கடைசிவரி வரை வாசிப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. அதை வாசிக்கத்தான் சம்பளத்துக்கு ஆள் வைத்தோம்.

இன்றைக்கு வருகிறேன். அண்ணன் மகள் வக்கீலுக்குப் படித்து ஆபீஸ் போட்டிருக்கிறாள். போனில் பேசப் பேசத் தமிழ் எழுத்தாக விழுகிறது. நான் அவள் லேப்டாப்பில் ஏதாவது அடித்தால் வரிக்கு ஒருமுறை என் கை தானாக கண்ட்ரோல் எஸ் அமுக்கும். கரண்ட் எப்போது போகும் என்று பயந்து பயந்து வளர்ந்த கை.

"சித்தப்பா, அது தானா சேவ் ஆகும். எதுக்கு அதைப் போட்டுக் குத்துறீங்க?"

"இருக்கட்டும்மா, ஒரு நம்பிக்கைக்கு."

அவளுக்குத் தெரிந்த விசை கண்ட்ரோல் இசட் ஒன்றுதான். செய்ததை ரத்து செய்வது. அது ஒன்று தெரிந்தால் போதும் என்று இருக்கிறாள், அதுவும் சரிதான். ஆனால் அரசு வேலைக்குத் தட்டச்சர் ஆக வேண்டுமானால் இன்றும் டைப்ரைட்டிங் சான்றிதழ் வேண்டும், கூடவே சி.ஓ.ஏ. என்கிற கம்ப்யூட்டர் சான்றிதழும் வேண்டும். ரெண்டு காலத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அரசாங்கம் மட்டும்தான்.

கடை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. டைப்ரைட்டரில் ஒரு பக்கம் அடிக்கிற நேரத்தில் இன்று மூன்று பக்கம் முடிப்பேன். ஆனால் மனு ஒருநாளும் சீக்கிரம் முடிவதில்லை. யோசித்துவிட்டுப் பேசிய வக்கீல்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இப்போது வருகிறவர்கள் அடித்த பிறகுதான் யோசிக்கிறார்கள். திரையில் பார்த்தால்தான் அவர்களுக்கு யோசனையே ஓடுகிறது. இரண்டாவது பத்தியை நாலாவதாக்கு, வேண்டாம், பழையபடி வை. ராத்திரி வாட்ஸப்பில் குரல் வரும்: "ஒரு சின்னத் திருத்தம்தான்." முன்பு ஒரு மனுவுக்கு ஒரு வடிவம். இப்போது 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் கடைசி' என்று ஒரு குடும்பமே ஃபோல்டரில் குடியிருக்கிறது. விசையில் மிச்சமான நேரத்தை எல்லாம் திருத்தம் வந்து தின்றுவிட்டது.

காசு கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு கீ தானேய்யா, இதுக்கா காசு?" என்றார் ஒருவர், எந்த ரெண்டு கீ என்றும் சரியாகச் சொல்லி. பத்தி நகர்ந்ததைப் பார்த்து அண்ணாச்சி அன்று என் காதில் கேட்ட கேள்விக்கு, அதற்கப்புறம் எனக்கு விடை தேடும் வேலை இருக்கவில்லை. பக்கத்துக் கடையில் போர்டே வைத்துவிட்டார்கள்: 'திருத்தம் இலவசம்'. நானும் வைத்திருக்கிறேன். போட்டியில் தோற்கக் கூடாதே என்று அவர்கள் போர்டையே போட்டோ எடுத்து, பேரை மட்டும் மாற்றி, பிரிண்ட் போட்டேன்.