பள்ளத்துக்கு மாநகராட்சி அந்தஸ்து

ஸ்ரீரங்கத்தில் ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழையுங்கள். தார் வாசனை போவதற்குள் பாதாளச் சாக்கடைக்காரர் வந்து தோண்டியிருப்பார். அவர் மூடியதும் குடிநீர்க் குழாய்க்காரர் வருவார். அவருக்குப் பின்னால் கேபிள்காரர். மூடுவது என்றால் மண்ணை அள்ளிக் கொட்டிக் காலால் மிதிப்பது. முதல் மழையில் அந்த மண் உள்ளே இறங்கும். அப்புறம் தெருவாசி யாராவது வேப்பங்கிளையை ஒடித்து நடுப்பள்ளத்தில் நட்டு வைப்பார். ஊரில் நம்பக்கூடிய ஒரே எச்சரிக்கைப் பலகை அதுதான். டெண்டர் கிடையாது. கமிஷன் கிடையாது. அதனால்தான் நேரத்துக்கு வருகிறது.

திருச்சி நகராட்சியானது 1866இல். ஸ்ரீரங்கம் தனி நகராட்சியானது 1871இல். அதே 1871இல் வெள்ளைக்காரன் உள்ளூர் நிதிச் சட்டம் கொண்டுவந்து, நிலத் தீர்வையோடு சாலைக்கும் சேர்த்து வரி வாங்கினான். 1994இல் ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். ஊர் உயர்ந்தது. வரி உயர்ந்தது. பள்ளத்துக்கும் மாநகராட்சி அந்தஸ்து கிடைத்தது.

சாலை போடுவது எப்படி என்று சட்டமே சொன்ன ஊரும் உண்டு. காடும் மலையுமாகக் கிடந்த தன் மேற்கு எல்லைக்குச் சாலை போட 1806இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்: சாலையின் நடுப்பகுதி உயர்ந்திருக்க வேண்டும்; இருபுறமும் தண்ணீர் வடிய வாய்க்கால் வேண்டும்; ஏற்றம் ஐந்து டிகிரிக்கு மேல் கூடாது. கரடி உலாவிய காட்டுக்கு இருநூறு வருடம் முன்பே தெரிந்த சங்கதி, என்ஐடி இருக்கும் திருச்சிக்கு இன்னும் எட்டவில்லை. இங்கே நடு பள்ளம், ஓரம் மேடு. வடிகால் சாலையைவிட உயரம். தண்ணீர் படியேறிப் போய் உள்ளே விழ வேண்டும். அது மாட்டேன் என்கிறது. தண்ணீருக்கும் தன்மானம் உண்டு.

1976இல் கட்டிய காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 செப்டம்பரில் மூடினார்கள். திறந்தது 2023 மார்ச்சில். பாலத்தின் இக்கரை மாம்பழச் சாலையிலிருந்து அக்கரைச் சிந்தாமணிக்குப் போக, ஊரைச் சுற்றிப் புறவழிச் சாலைப் பாலம் வழியாகப் போனோம். அந்தப் பெட்ரோல் காசை எந்தத் துறை கொடுத்தது? படுத்துப்போன வியாபாரத்துக்கு யார் பொறுப்பு? கேட்டால், "மக்கள் நலனுக்காகத்தானே!"

சட்டம் போதவில்லையோ? அப்படிச் சொல்லிவிடாதீர்கள். 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் இருக்கிறது. சமூகத் தாக்க ஆய்வு கேட்கும் மத்திய அரசின் 2013 சட்டத்தை ஓரங்கட்டிவிட்டு நிலம் எடுக்க அது வசதி. அதையும் சேர்த்து மூன்று மாநிலச் சட்டங்களின் நில எடுப்பு செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் செத்ததை எழுப்ப, ஜனாதிபதி ஒப்புதலோடு ஒரு சட்டம் வந்தது. எந்தத் தேதியிலிருந்து அமல்? 2013 செப்டம்பர் 26. ஆறு வருடம் பின்னால் நடந்து போய் நின்றது சட்டம். 2021இல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. நிலத்தை எடுக்க இத்தனை வேகம்! பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை நெடுஞ்சாலையோரம் சர்வீஸ் ரோடு கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தவர்களுக்கு இதில் கால்வாசி வேகம் காட்டியிருந்தால் விபத்தில் ஆளை இழந்த சில குடும்பங்களில் இன்று அவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆட்சியாளர்களே, சட்டம் போடுவதுதான் உங்களுக்குப் பிரியம் என்றால், இதோ எங்கள் மசோதா.

பிரிவு 1: சாலை போட்ட ஒப்பந்ததாரர் பெயர், தொகை, தேதி, உத்தரவாதக் காலம் தெருமுனையில் எழுதப்பட வேண்டும். உங்கள் கட் அவுட்டில் பத்தில் ஒரு பங்கு போதும்.

பிரிவு 2: தோண்டுகிற துறைகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார வேண்டும். தார் ஊற்றுவதற்கு முன்பு.

பிரிவு 3: மாண்புமிகுக்கள் வரும் வழிக்கு மட்டும் இரவோடிரவாக ஒட்டுப்போட்டால், அவர்கள் கார் பக்கத்துத் தெரு வழியாகவே திரும்ப வேண்டும்.

பிரிவு 4: இச்சட்டம் 2013 செப்டம்பர் 26 முதல் அமலுக்கு வரும். அன்று தொட்டுப் பள்ளத்தில் விழுந்து முறிந்த எலும்புகளும் போன உயிர்களும் முன்தேதியிட்டு உயிர்ப்பிக்கப்படும்.

முடியாதா? அப்படியானால் அந்தச் சாலைகளுக்கு வாங்கிய பில் பணத்தை முன்தேதியிட்டுத் திருப்பிக் கட்டுங்கள். அதற்கு ஜனாதிபதி ஒப்புதல்கூட வேண்டாம். வெட்கம் இருந்தால் போதும்.