கிளிக்கு நான்கு, கீரிக்கு மூன்று: முனையப் பிழையியலுக்கு ஒரு முன்னுரையின் முன்னுரை

டெர்மினலுக்கு ‘முனையம்’ சரியா, ‘முனையி’ சரியா என்று தீர்ப்பதற்குள் ஆய்வாளர் பலர் பணி ஓய்வு பெற்றுவிடுவது மரபு. ஆகவே அந்த இயலைத் தாண்டி நேரே பிழைக்கு வருவோம். 1978-இல் வந்த விடி100 என்ற பெட்டிக்கு 80 பத்தி, 24 வரி. பெட்டி போய்விட்டது, அதைப்போல நடிக்கும் கட்டற்ற மென்பொருள்கள் இன்னும் அந்தக் கட்டங்களைக் கட்டிக்கொண்டு அழுகின்றன (சான்று: என் மடிக்கணினி, மேல் மூலை).

பிழைகள் மூவகைப்படும்.

உறைநிலை: கண்ட்ரோல்-எஸ் அழுத்தியிருப்பீர்கள், கண்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள்.

உருக்குலைவு: படக் கோப்பை ‘கேட்’ கட்டளையால் திரையில் கொட்டினால், அதற்குள் கிடக்கும் ஏதோ ஒரு பைட் எழுத்துத் தொகுதியையே மாற்றிவிடும். பிறகு தட்டுவதெல்லாம் கோலம். குருட்டாம்போக்கில் ‘ரீசெட்’ என்று தட்டவும் (ஒப்பிடுக: டீக்கடைப் பற்று நோட்டு, பின்னட்டை, பென்சில் குறிப்பு).

மூன்றாவது அகலப் பிழை. இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

தொல்காப்பியர் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளந்து கொடுத்தார். முனையமும் அளக்கிறது, கட்டத்தால். எந்தக் குறிக்கு எத்தனை கட்டம் என்று சொல்ல ‘டபிள்யூசிவிட்த்’ என்றொரு செயற்கூறு உண்டு. யூனிகோடு பட்டியலில் இகரக் குறி இடம் அடைப்பது; ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் அடைக்காதவை. பட்டியலை வேதவாக்காகக் கொள்ளும் செயற்கூறு, ‘நி’க்கு 2 கட்டம் தந்து ‘நீ’யை ஒன்றில் அடக்குகிறது. கிளிக்கு மாத்திரை 2, கட்டம் 4. கீரிக்கு மாத்திரை 3, கட்டமும் 3. குறில் நெடிலைவிட நீளம் என்ற இக்கொள்கைக்கு இதுவரை ஒரு மறுப்பும் வரவில்லை (காண்க: மேற்படி நோட்டின் டீக்கறை, கீழ் வளைவு. இதற்கான உரை கிடைக்கவில்லை. கிடைக்காத உரைக்கு நான் எழுதிய மறுப்புரை கைவசம் உள்ளது. அதன் இரண்டாம் பதிப்பில் முதல் பதிப்பை மறுத்திருக்கிறேன்).

பிழை யாருடையது? கட்டளை வாங்கும் ஷெல்லுக்கு ஒரு கணக்கு, திரையைப் பங்குபோடும் டிமக்ஸுக்கு ஒரு கணக்கு, முனையத்துக்கு ஒரு கணக்கு. எழுத்துரு கணக்கே பார்க்காமல் தன் இஷ்டத்துக்கு வரைகிறது. பாகப்பிரிவினை ஆகாத வீடு. முதலில் டிமக்ஸை வெளியே அனுப்புங்கள். அடுத்து உங்கள் அமைப்புக் கோப்பை ஒதுக்கிவைத்து, வெறும் முனையத்தில் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் வேறு முனையத்தில். 1984-இல் பிறந்த எக்ஸ்டெர்ம் இன்னும் திடமாக இருக்கிறது, சாட்சிக்கு வரும்.

இம்முறைப்படி நேற்றிரவு களப்பணி. புதிய முனையம் ‘கிளி’யை இரண்டே கட்டத்தில் வரைந்தது, பழைய ஷெல் நான்கு என்று நம்பிக்கொண்டிருந்தது. பேக்ஸ்பேஸைத் தட்டத் தட்ட, கிளி போனபின்னும் கர்சர் இடப்பக்கம் நகர்ந்து, அங்கே நின்ற டாலர் குறியையும் விழுங்கிற்று (ஆதாரம்: என் மனைவி, சமையலறை வாசல், இரவு 11 மணி; “இன்னுமா தூங்கலை?” எனத் தொடங்கும் பகுதி, அச்சேறாதது).