மரக்கிளை அளக்கக் கிளம்புவோர் கவனத்துக்கு

முதல் வேலை அனுமதி. பிளவக்கல் அணைக்கு மேலே இருக்கும் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். டேப்பும் கையுமாகச் சும்மா நுழைய முடியாது. கடிதம் வரும்வரை வீட்டு வேப்பமரத்தில் பழகுங்கள். அது அதற்குள் இரண்டு கிளை கூடுதலாக விட்டிருந்தால் என்னைக் கேட்காதீர்கள்.

உள்ளே போனதும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவைப் பிடியுங்கள். நெஞ்சு உயரம் என்று பெயர். யாருடைய நெஞ்சு என்று கேட்கக்கூடாது. பிறகு அண்ணாந்து பாருங்கள். கிழட்டுப் புளியமரமாக இருந்தால் பாதிப் பேர் இந்த இடத்திலேயே காபி குடிக்கத் திரும்பிவிடுவார்கள்.

திரும்பாதவர்கள் கிளைக்கு எண் போடலாம். நுனிக்குச்சிக்கு 1. ஒன்றும் ஒன்றும் கூடினால் 2. இரண்டோடு ஒன்று வந்து ஒட்டினாலும் 2 தான். சம அந்தஸ்தில் சம்பந்தம் செய்தால் மட்டுமே பதவி உயர்வு. ஹார்ட்டன், ஸ்ட்ராலர் இருவரும் ஆறுகளுக்காகப் போட்ட கணக்கு இது. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணை வைத்திருக்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து டாவின்சி. கிளைகளின் குறுக்குவெட்டுப் பரப்பை எல்லாம் கூட்டினால் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு வரும் என்று 500 வருடத்துக்கு முன்னால் குறித்துவைத்தார். 30 செ.மீ., 40 செ.மீ. சுற்றளவுள்ள இரண்டு கிளை பிரிந்தால் கீழே தண்டு 70 அல்ல, 50. எட்டாம் வகுப்பு பிதாகரஸ் கடைசியில் மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மரத்தில் 54 வந்தால் பதற வேண்டாம். மரம் டாவின்சியைப் படித்ததில்லை.

வசதியுள்ளவர்கள் லேசர் கருவியை முக்காலியில் நிறுத்தி மரத்தைக் கோடிப் புள்ளிகளாக்கி, கணினியில் உருளை உருளையாக அடுக்கிக்கொள்வார்கள். ஆடிக்காற்றில் மட்டும் வேண்டாம். ஆடுகிற ஒரு கிளை மூன்றாகப் பதியும். இலை மறைக்காமல் இருக்க, மாசியில் மொட்டையாக நிற்கும் இலவமரம் பார்த்துப் போங்கள். பக்கத்து மரத்தோடு கிளை பின்னியிருந்தால் எது யாருடையது என்று பிரிப்பதற்குள் கணினிக்கே தலை சுற்றும்.

இந்தப் பாகப்பிரிவினை வழக்கே இல்லாத ஒரு ஜீவன் மேலே இருக்கிறது. 1988ல் இந்தக் காடு சரணாலயம் ஆனதே அந்தச் சாம்பல் நிற அணிலுக்காகத்தான். ஒன்றரைக் கிலோ உடம்பு. எந்தக் குச்சி தாங்கும் என்று ஓடும்போதே தெரிந்துவைத்திருக்கிறது. மரத்துக்கு மரம் தலை முட்டும் இடமாகப் பார்த்துக் கூடு கட்டும், ஆபத்தென்றால் எந்தப் பக்கமும் தாவலாமே. நடுவில் ஒரு மரத்தை வெட்டினால், நீங்கள் அளந்த மரம் அப்படியே நிற்கும். அணிலின் பாதை அறுந்துபோகும்.

ஆகவே கிளை முடியும் இடத்தில் டேப்பைச் சுருட்டிவிடாதீர்கள். அங்கிருந்து அடுத்த மரத்துக் கிளைக்கு எத்தனை அடி என்பதையும் எழுதுங்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையென்றால், பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது.