504 எம்பி-க்கு ஓர் அரண்மனை

உடையார்பாளையத்துப் பரணில் தூசி படிந்து கிடக்கும் 486 கம்ப்யூட்டரை எழுப்ப இப்போது பெரிய வித்தை எதுவும் வேண்டாம். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஐடிஇ அடாப்டரில் ஒரு காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டைச் செருகினால் போதும். 1994-இல் சான்டிஸ்க் கொண்டுவந்த இந்தக் கார்டுக்கு, ஹார்ட் டிஸ்க் பேசும் ஐடிஇ பாஷை பிறவியிலேயே தெரியும். அடாப்டருக்கு ஊசிக்கு ஊசி இணைப்பதைத் தவிர வேலையே இல்லை. மெஷினோ, உள்ளே இன்னும் தகடு சுற்றுகிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

"சின்னக் கார்டெல்லாம் இப்ப ஏது சார்?" என்று கடைக்காரர் 32 ஜிபி-யை நீட்டுவார். மாட்டினால், மெஷினை எழுப்பும் பழைய பயாஸின் கண்ணுக்குத் தெரிவது 504 எம்பி. அறுபதில் ஒரு பங்கு! ஜமீன் அரண்மனையைக் கிரயம் பண்ணிவிட்டுத் திண்ணையில் துண்டு விரித்துப் படுத்த கதைதான். ஆனால் அந்தத் திண்ணையே தாராளம். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா எல்லாம் குடியேறிய பிறகும் இடம் மிச்சம்.

சத்தம்தான் போச்சு. கவலை வேண்டாம், பழைய டிஸ்க் மாதிரி 'டிக் டிக்' என்று போலியாக ஒலிக்கவும் ஒரு குட்டி போர்டு விற்கிறார்கள். ஓசைக்கும் காசு.

இதே ஊர்ப் பட்டுத்தறியிலும் ஒரு கார்டு தொங்குகிறது: துளையிட்ட ஜக்கார்டு அட்டை. துளை இருந்தால் இழை எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. பயாஸ் கேட்காது, ஃபார்மட் கேட்காது. எலி கடித்தால்தான் டேட்டா போகும். ஆனாலும் அதை யாரும் விண்டேஜ் என்று கொண்டாடுவதில்லை. அங்கே விண்டேஜ் ஆகிப்போனது நெசவுக் கூலி மட்டும்தான். அதை அப்டேட் பண்ண அடாப்டர் எதுவும் இன்னும் சந்தைக்கு வரவில்லை.