கரண்ட்டு வைக்கிற அக்கா

தொண்ணூறுகளில் பிசியோதெரபி படித்தவர்களுக்கு ராயபுரத்தில் ஒரே பெயர்தான்: கரண்ட்டு வைக்கிறவங்க. தோள்பட்டைக்குக் கரண்ட்டு, முட்டிக்கு மெழுகு ஒத்தடம், இதற்குப் போய் எதற்கு இத்தனை வருடப் படிப்பு என்று அத்தை என் நைனாவிடம் கேட்டார். ஹார்பரில் கலாசி வேலை பார்த்த நைனாவுக்கும் பதில் தெரியாது. "பொண்ணு ஆசைப்படுது, படிக்கட்டும்" என்றார்.

இன்று அதே தெருவில் ஒரு பெண் பி.பி.டி. சேர்ந்தால் முதல் வருடத்திலேயே சொந்தக்காரர்கள் கேட்பது, "யு.கே.யா, ஆஸ்திரேலியாவா?" கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷம்தான். அதோடு ஒரு கவலையும் உண்டு.

எங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கை வார்டு. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971இல் அங்கே கை அறுவைச் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அந்தத் துறைக்கே அது முன்னோடி. அது இங்கே வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. துறைமுகம், மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பட்டறைகள், காசிமேட்டு விசைப்படகுகள் எல்லாம் சேர்ந்து நாள் தவறாமல் நசுங்கிய கைகளை அனுப்பிக்கொண்டிருந்தன. பிரஸ் மெஷினில் மாட்டிய விரல், வின்ச் கயிறு இழுத்துக்கொண்ட மணிக்கட்டு, கன்டெய்னர் கதவு வெட்டிய உள்ளங்கை.

விரலை மடக்கும் நரம்பு அறுந்து தைத்த பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பம். நரம்பு என்று சனம் சொல்லும், உண்மையில் அது தசைநாண். அசைக்காமல் விட்டால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு விரல் மரக்கட்டை ஆகிவிடும். அவசரப்பட்டு அசைத்தால் தையல் விட்டுப் போகும். நகத்தில் ஒரு கொக்கி, அதிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் சேஃப்டி பின்னில் மாட்டிய ரப்பர் பேண்டு. நோயாளி விரலை மெல்ல நீட்டுவார், ரப்பர் அதைத் திரும்ப மடக்கிவிடும். தைத்த நாண் தானாக இழுக்காமலே உள்ளுக்குள் நழுவிப் பழகும். வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்யவைக்க வேண்டும். கூலி போகிறதே என்று பாதியில் எழுந்து போகிறவரை, "அண்ணே, இன்னும் ரெண்டு வாரம்ணே" என்று கெஞ்சி உட்காரவைப்பதும் சிகிச்சைதான்.

அந்தக் காலத்தில் வெளிநாடு போக வழி என்பது புதன்கிழமை ஹிந்து பேப்பரின் வேலை விளம்பரமும், மவுண்ட் ரோடில் ஒரு ஏஜென்ட்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலையவிட்ட ஏஜென்சியின் படிக்கட்டு இன்றும் கனவில் வரும். ஷார்ஜா போய்ச் சேர்ந்தேன். அங்கே என்னிடம் வந்த முதல் கைக்காரர் எண்ணூரிலிருந்து போன வெல்டர். "அக்கா, நீங்க நம்ம ஏரியாவா?" என்று கேட்டுவிட்டு அழுதேவிட்டார்.

பிறகு இங்கிலாந்து. அங்கே பதிவுக்கான படிவத்தில் பாடம் பாடமாக, மணி மணியாகக் கணக்கு கேட்டார்கள். கை வார்டு அதில் ஒரே வரியில் அடங்கிவிட்டது. ஆனால் வேலையில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான். சேஃப்டி பின்னுக்குப் பதில் அங்கே வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் தகடு. கைக்கு ஏற்ப அச்செடுத்து ஆறவிட்டால் ஸ்ப்ளிண்ட் தயார். தகடு புதிது, எந்த விரலை எவ்வளவு மடக்க வேண்டும் என்ற அறிவு ராயபுரத்துடையது. அங்கே பிசியோவே நேராக நோயாளியைப் பார்க்கலாம். 2013இல் தகுதியுள்ள பிசியோக்களுக்கு மருந்து எழுதவும் உரிமை கொடுத்தார்கள். நம் நாட்டில் இந்தத் தொழிலையும் உள்ளடக்கித் தேசிய அளவில் ஒரு சட்டம் வரவே 2021 ஆகிவிட்டது.

இப்போது வழிகள் திறந்திருக்கின்றன. இங்கிலாந்தின் ஹெச்.சி.பி.சி. பதிவுக்குத் தனித் தேர்வு இல்லை, படிப்பையும் அனுபவத்தையும் எடைபோடுவார்கள். 2020இல் வந்த ஹெல்த் அண்ட் கேர் விசா பிசியோக்களுக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் எழுத்துத் தேர்வு முடிந்தபின் செய்முறைத் தேர்வு. வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ சரிபார்ப்பும் உரிமத் தேர்வும். அமெரிக்காவில் என்.பி.டி.இ. தேர்வை முடித்தாலும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்துக்கு மேல்.

அந்த அமெரிக்கத் தேர்வு விஷயத்தில் 2010 ஜூலையில் நடந்ததை மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். கேள்விகள் கசிந்து கைமாறியதால் இந்தியா, எகிப்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் பட்டதாரிகளுக்குத் தேர்வையே நிறுத்திவைத்தார்கள். ஒழுங்காகப் படித்துக் காத்திருந்த என் தோழியும் அதில் மாட்டினாள். பிறகு தனித் தேர்வு வைத்தார்கள். அதற்குள் அவள் மனம் விட்டுப்போயிருந்தது.

என் கவலை இதுதான். எங்களுக்கு விரலுக்குப் பஞ்சமில்லை, வழிகாட்டத்தான் ஆளில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு வழி விரல்நுனியில் இருக்கிறது. இன்டர்ன்ஷிப்பில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு ஐ.இ.எல்.டி.எஸ். கிளாஸுக்கு ஓடுகிறார்கள். இங்கேயோ கவனிக்க ஆளில்லாமல், எண்ணூரில் காண்ட்ராக்ட் வேலை பார்த்து விரல் விறைத்துப்போனவர் டீக்கடையில் இடக்கையால் கிளாஸ் பிடிக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வந்ததை மனமாரப் பாராட்டுகிறேன். அந்த வேலைக்கு நிரந்தரப் பணியிடமும் கௌரவமான சம்பளமும் இருந்தால் பாதிப் பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள்.

போக நினைப்பவர்கள் தாராளமாகப் போங்கள். ஒரிஜினல் சான்றிதழை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதற்கு மேல் ஒரு பைசா தராதீர்கள். அதற்கெல்லாம் முன்னால் கை வார்டில் ஒழுங்காக வேலை செய்யுங்கள். உங்களை நம்பிக் கையை நீட்டிக்கொண்டு அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.