புழுவுக்கு உண்டு, எனக்கில்லை

என் மச்சானின் பட்டுப்புழுக்களுக்குக் கிடைக்கிற லீவு எனக்குக் கிடைப்பதில்லை. குருபரப்பள்ளியில் ஷிப்டுக்குப் போகிறவன் நான். மச்சான் பக்கத்திலேயே மல்பெரி போட்டுப் புழு மனை வைத்திருக்கிறார்.

பட்டுப்புழு, புழுவாக இருப்பதே 25 நாள் சொச்சம். அதற்குள் 4 முறை தோலுரிக்கிறது. உடம்பு பெருக்கிறது, தோல் பெருக்க மறுக்கிறது. கழற்றாமல் என்ன செய்யும்? முதல் இரண்டு தோலுரிப்பு, இளம்புழு வளர்த்துக் கொடுக்கிற சாக்கி மையத்திலேயே முடிந்துவிடும். மீதி இரண்டுதான் மச்சான் வீட்டில். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரு நாள் இலையைத் தொடாது. மீட்டிங்கில் மேனேஜர் மாதிரி, தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். மச்சான் உடனே இலை போடுவதை நிறுத்துவார். படுக்கை உலரச் சுண்ணாம்புத் தூள் தூவுவார். அடுக்குப் பக்கம் யாரையும் விடமாட்டார். "தோலுரிப்புல இருக்குது, தொந்தரவு பண்ணாதீங்க மாப்ள!" எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "எந்திரிச்சு ரெண்டு கட்டு மல்பெரித் தண்டு வெட்டினா சரியாப்போயிடும் மாப்ள" என்றவரும் இவரேதான்.

கடல்நாய்களைப் பற்றிப் படித்ததும் வயிற்றெரிச்சல் கூடிவிட்டது. அவை வருஷத்துக்கு ஒருமுறை பழைய முடியைக் களைகின்றன. அதிலும் யானைக் கடல்நாய், முடியை மேல்தோலோடு சேர்த்துக் கந்தல் கந்தலாக உரிக்கிறது. அதற்காகக் கரையேறி ஏறத்தாழ ஒரு மாதம் படுத்துவிடும். வேட்டை கிடையாது, சாப்பாடு கிடையாது. காரணமும் நியாயமாகவே இருக்கிறது. புது முடி வளரத் தோலுக்கு ரத்தம் பாய வேண்டும்; அந்த நேரத்தில் குளிர்ந்த நீரில் கிடந்தால் உடம்புச் சூட்டைக் கடல் உறிஞ்சிவிடும். கலிபோர்னியாக் கரையில் பெண்கள் ஏப்ரல், மே மாதங்களிலும் பெரிய ஆண்கள் ஜூலை, ஆகஸ்டிலும் உரிக்கின்றன. லீவையே ஷிப்ட் போட்டு எடுக்கிற சாமர்த்தியம்! படுத்தபடியே பெண் கடல்நாய் எடையில் கிட்டத்தட்ட கால்வாசியை இழக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். "நீங்க ஒரு மாசம் படுத்தா கால்வாசி கூடும்" என்றாள்.

அத்தை வளர்க்கிற நாட்டுக்கோழியும் இறகு உதிர்க்கும்போது முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது. அத்தை திட்டுவார், மெமோ கொடுப்பதில்லை.

மனிதனுக்கும் மேல்தோல் மாதத்துக்கு ஒருமுறை போலப் புதுசாகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத செதில்களாக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. மொத்தமாக உரிந்திருந்தால் நமக்கும் ஒரு மாதம் கேட்டிருக்கலாம். இதை எங்கள் ஹெச்.ஆரிடம் சொல்லிப் பார்த்தேன். "தவணையில உரியறதுக்குத் தவணையிலதான் லீவு. அதான் வாரத்துக்கு ஒரு நாள் தர்றோமே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

புழு வளர்க்கிற வீட்டில் பெண் எடுக்கப்போகும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். நாலாவது தோலுரிப்பு முடிந்த வாரம் மாமனார் வீட்டுப் பக்கம் போகாதீர்கள். புழு தன் ஆயுளில் தின்கிற இலையில் 80 சதவீதத்துக்கு மேல் அப்போதுதான் தின்னும். தண்டு வெட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.