சவுதிக்குப் போகும் தம்பிக்கு ஒரு வழியனுப்பு உரை

வீரகேரளம்புதூரிலிருந்து முதன்முதலாக சவுதிக்குக் கிளம்பும் தம்பிக்கு வாழ்த்துகள். அங்கே என்னவெல்லாம் காத்திருக்கிறது என்று தெரியாமல் போய் நிற்கக் கூடாது அல்லவா?

புது வாழ்க்கை ரியாத்தில் தொடங்கும் என்று நினைக்காதே. பீடி சுற்றிச் சேர்த்த காசில் அம்மா வாங்கிய கம்மல் சுரண்டையில் அடகுக்குப் போனதே, அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஏஜென்ட் அண்ணாச்சி ஒன்றரை லட்சம் கேட்பார். பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது இந்திய அரசின் விதி. அதைச் சொல்லிப் பார். "அப்போ அரசாங்கத்துக்கிட்டயே விசா வாங்கிக்கோடே" என்பார். ரசீது கேட்காதே. அண்ணாச்சி மனசு நோகும்; தூரத்துச் சொந்தம் வேறு.

பத்தாம் வகுப்பு தேறாதவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்தப் பாதுகாப்பு உனக்கு எதற்கு என்று அண்ணாச்சி விசிட் விசாவில் ஏற்றிவிடுவார். வெள்ளைக்காரன் நம் பாட்டன்மாரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிய நாளிலேயே இந்தப் பாதுகாவலர் பதவி இருந்தது. அப்போதும் நன்றாகத்தான் பாதுகாத்தார்கள்.

இறங்கியதும் இன்னொரு ஒப்பந்தம் நீட்டுவார்கள், அரபியில். எலக்ட்ரீஷியனாக விமானம் ஏறியவன் ஆடு மேய்ப்பவனாகக் கையெழுத்துப் போடுவாய். பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவான் முதலாளி. அந்த நாட்டு விதியும் அதை அனுமதிக்கவில்லை, இருந்தாலும் பூட்டுவான்.

இங்கேதான் வேடிக்கை. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படி. பாஸ்போர்ட் உன்னுடையது அல்ல. எப்போதும் மத்திய அரசின் சொத்து. நம் தாலுகா அலுவலகத்து ஓட்டை நாற்காலியை எவனாவது தூக்கிப் போகட்டும், அரசுச் சொத்தைத் திருடினான் என்று கேஸ் போட்டு உள்ளே தள்ளுவார்கள். அதே அரசின் சொத்தை ஆயிரக்கணக்கில் அந்நியன் பூட்டி வைத்திருக்கிறான், டெல்லியில் ஒருவருக்கும் ரோஷம் வரவில்லை! சம்பளம் வராமல் நீ வெளியேறினால் உன்மேல் 'ஹுரூப்' புகார், அதாவது ஓடிப்போனவன். பூட்டியவன் மரியாதைக்குரிய முதலாளி. ஓடியவன் குற்றவாளி.

2024இல் வெளிநாட்டு இந்தியர் ஊருக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர், உலகிலேயே முதலிடம். அந்த டாலரை எண்ணத் தெரிந்த அரசுக்கு, அதை அனுப்பியவன் ஒரு அறையில் எத்தனை பேரோடு படுத்திருக்கிறான் என்று எண்ண மட்டும் வராது. அதே 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர் செத்தார்கள். 7 பேர் தமிழர். உடனே விமானப்படை விமானமே பறந்தது, உடல்களை ஏற்றிவர. உயிரோடு இருந்தபோது அவர்களில் ஒருவன் ஊர் திரும்ப டிக்கெட் கேட்டு விண்ணப்பித்திருந்தால், எந்தக் கவுண்டரில் வரிசையில் நின்றிருப்பான்?

ஆகவே தம்பி, கிளம்புமுன் பாஸ்போர்ட்டை ரெண்டு ஜெராக்ஸ் எடு. ஒன்றை அம்மாவிடம் கொடு. பெட்டியில் உன்னை அனுப்பும் நாள் வந்தால், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.